ஒன்றுக்குப் பின் எட்டு

வெள்ளைக்காரன் சங்கீதத்தைப் பற்றிப் பேச உனக்கு என்ன தெரியும் என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஒரு பியானோ கான்செர்ட்டோவை, நான்கு கிராமபோன் தட்டுகள், எட்டுப் பக்கங்கள், ராஜபாளையத்தில் உட்கார்ந்து தேயத் தேயக் கேட்டவள் நான். கேட்டவளுக்குப் பேசவும் உரிமை உண்டு.

தட்டுகளைக் கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர். பட்டாளத்தில் இருந்தார். சீமைக்குத் திரும்பிய ஒரு அதிகாரியின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அதிகாரியின் பெரிய மின்சார கிராமபோனை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். யாரும் தொடாத இந்தத் தட்டுகளும், சாவி கொடுத்துச் சுற்றுகிற ஒரு சின்னப் பெட்டியும் இவருக்குக் கிடைத்தன.

லீவில் வந்த அன்றே போட்டார். பாட்டுப் பெட்டி வந்திருக்கிறது என்று தெருவே கூடியது. செத்த நேரத்தில் கலைந்தும் போனது.

"பாட்டையே காணோம். பாத்திரக்கடையில எலி புகுந்த மாதிரில்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள் எதிர்வீட்டுக்காரி.

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. அவர்தான் சொன்னார். "நல்லாக் கேளு புள்ள. இந்தப் பக்கம் ஒத்தை ஆளு, பியானோவோட. அந்தப் பக்கம் ஒரு ஊரே வாத்தியத்த வச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. அவன் விட்டுக்கொடுக்கானான்னு மட்டும் பாரு."

அதற்குப் பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. முதலில் ஊர் பேசுகிறது. எல்லாரும் சேர்ந்து, சத்தமாக, தாங்கள் சொல்வதுதான் சரி என்று. பியானோக்காரன் பேசாமல் இருக்கிறான். ஓடிப்போய்விட்டானோ என்று நினைக்கிறபோது தொடங்குகிறான். கத்தவில்லை. ஊர் சொன்னதையே எடுத்து, தன் வாயில் போட்டு, வேறு விதமாகச் சொல்கிறான். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். புகுந்த வீட்டில் நான் செய்ய நினைத்ததைத்தான் அவன் செய்தான்.

ஒரு பக்கம் ஓடி முடிந்தால் தட்டைத் திருப்பிப் போடுவோம். அது முடிந்தால் அடுத்த தட்டு. தோசையைத் திருப்புவதற்கு யாரும் யோசிப்பதில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. அவர் லீவு முடியும்வரை தினமும் சாயங்காலம் அப்படித்தான் கேட்டோம்.

யுத்தம் வந்தது. அவர் போனார். கடையில் கிராமபோன் ஊசி கிடைக்காமல் போனது. நான் கருவேல முள்ளை ஒடித்துக் கூராக்கிச் சொருகினேன். சத்தம் குறைந்தது. ஆனால் இரைச்சலும் குறைந்தது. பியானோ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இதையும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பிறகு தந்தி வந்தது. பர்மாப் பக்கம் செத்துப்போனார்.

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஆனால் எழவு வீட்டுக் கட்டுப்பாடெல்லாம் பழையதுதான். வருசம் திரும்பும்வரை வீட்டில் பாட்டுச் சத்தம் கூடாது. தாலி இறங்கியவள் வீட்டில் அதற்குப் பிறகும் கூடாது. பெட்டியைத் துணி போட்டு மூடிவைத்தார்கள். நான் துணியை எடுத்தேன்.

துக்கம் கேட்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். வேதக் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவர். தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இத எப்படிம்மா போடுவ?"

சொன்னேன்.

"அடப் பாவமே! பக்கம் ஒண்ணுக்குப் பின்னால எட்டு இருக்கு பாரு. ரெண்டுக்குப் பின்னால ஏழு. இது தானா தட்டு விழுற மெஷினுக்குப் பண்ணினது. நாலும் ஒரு பக்கமா ஓடி முடிஞ்ச பொறவு, மொத்தமாத் திருப்பி வைக்கணும். நீ முடிவ ரெண்டாவதாக் கேட்டிருக்க!"

சரியான வரிசையில் அவரே போட்டுக் காட்டினார். உண்மைதான். அறுந்த இடமெல்லாம் ஒட்டிக்கொண்டது. நடுவில் மெதுவாகப் போகிற பகுதி, கடைசியில் பெரிய ஓட்டம், எல்லாரும் சேர்ந்து ஓங்கி அடித்து முடிக்கிறார்கள். அழகாகத்தான் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து கேட்டது அது இல்லை.

அந்த மாதமே சோழபுரத்திலிருந்து மாமியாரும் கொழுந்தனும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வருசம் திரும்பினதும் கொழுந்தனுக்குக் கல்யாணம். பெட்டி வேண்டுமாம்.

"தாலி இல்லாதவளுக்குப் பாட்டுப் பொட்டி எதுக்கு? ஊரு சிரிக்கும் ஏட்டி" என்றார் மாமியார்.

"அண்ணன் பொட்டி மதினி. அண்ணனுக்குப் பொறவு தம்பிக்குத்தான்" என்றான் கொழுந்தன்.

"உங்க அண்ணன் கேட்டத நீயும் கேளு. பொறவு பேசுவோம்" என்று தட்டைப் போட்டேன். ஒன்றுக்குப் பின் எட்டு. எங்கள் வரிசை.

அவன் நெளிந்தான். "பாடுதவ எப்ப மதினி வருவா?"

"வரமாட்டா."

"அப்பம் கல்யாணத்துக்கு வேற தட்டு வாங்கிக்கிடுதேன். பொட்டியத் தாங்க."

மாமியார் மட்டும் அசையாமல் இருந்தார். மூன்றாவது தட்டு ஓடும்போது கேட்டார். "இதக் கேட்டு எம் மூத்தவன் என்னட்டி சொல்லுவான்?"

"அவன் விட்டுக்கொடுக்கானான்னு பாருன்னு சொல்லுவாக."

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஆனால் மனம் மாறவில்லை. தட்டு முடிந்ததும், "தூக்குலே" என்றார் மகனிடம்.

நான் முள் சொருகியிருந்த, சத்தம் பிறக்கிற சவுண்டு பாக்ஸைத் திருகிக் கழற்றி இடுப்பில் முடிந்துகொண்டேன். "தூக்கிட்டுப் போ. வெறும் மரம்தான். என் இடுப்புல கைய வைக்கதுக்கு உங்க சோழபுரத்துல எவனுக்குத் தைரியம் இருக்கோ, அவன வரச்சொல்லு."

பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. வண்டி போனது. மாமியார் சாகும்வரை என்னோடு பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை.

கல்யாணத்துக்கு என்னை அழைக்கவில்லை. அன்று காலை சன்னலைத் திறந்து வைத்தேன். தட்டுகளை மெஷினுக்குச் செய்தபடி போடவில்லை, எங்கள் வரிசையில்தான் போட்டேன். பிற்பாடு ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் வாடகைக்குப் போனபோதும் அப்படித்தான். டீச்சரம்மா வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பார். அந்த ஓங்கி அடித்து முடிக்கிற இடம் இரண்டாவதாகவே வந்துவிடும். எல்லாம் முடிந்தது என்று ஊர் கை தட்டுகிற மாதிரி ஒரு முடிவு. நான் அடுத்த தட்டை எடுத்து வைப்பேன். பியானோ மறுபடி பேசும். கடைசியில் வருவது ஐந்தாம் பக்கம். மெதுவாக, அவன் ஒருவனாக வாசித்துக்கொண்டிருக்கும்போதே, பாதியில் தட்டு தீர்ந்துவிடும்.

அதுதான் சரி.