வெடியில் ஒட்டிய முகம்

இன்று காலை சிவகாசியில் எங்கள் கடைத்தெருவில், போர்முனையிலிருந்து ஊர் திரும்பிய ராணுவ வீரனை வெடி போட்டு வரவேற்றார்கள். கருகிய தாள் ஒன்று பறந்து வந்து என் செருப்பில் ஒட்டியது. அதில் பாதி மீசையும் ஒரு கண்ணும் இருந்தன. கந்தக வாசம் மூக்கில் ஏறியது.

எனக்குப் பத்து வயதானபோது இதே ஊருக்கு இன்னொரு வீரன் வந்தான். அவன் படத்தை லேபிளாக அடித்து வெடிகளில் ஒட்டக் கொடுத்தவர் என் அப்பா. அச்சகம் எங்களுடையது. ஊரே கைதட்டியது. அவனுடைய அம்மா மட்டும் குனிந்து, கிழிந்த தாள்களைப் பொறுக்கினாள்.

"எம்மவன் மொகத்தயா வெடிக்க விடுறீக? இதுக்கா உசுரோட திரும்பி வந்தான்?"

"பெருமதான ஆத்தா! ஒங்க மவன் ஊரெல்லாம் பறக்கான்ல!" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

என் கையில் ஒரு வெடி மிச்சம் இருந்தது.

"அத மட்டும் எங்கிட்டக் குடுத்துரு தாயி," என்று அவள் கை நீட்டினாள்.

ஊர் சிரித்த தைரியத்தில், அவள் கண்முன்னாலேயே அதைப் பற்றவைத்தேன். வெடித்த பிறகும் அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

அப்பா காலமாகிவிட்டார். அச்சகத்தை இப்போது நான்தான் நடத்துகிறேன். என் செருப்பில் ஒட்டிய முகத்தை அச்சடித்துக் கொடுத்தவளும் நான்தான். ஆர்டர் வந்தபோது அந்தக் கை நினைவுக்கு வந்தது. வந்தும் அடித்தேன்.