நின்றாரா, நிறுத்தினார்களா

நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு வரிசையில் "வேலை போய்விட்டது" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. குவார்ட்டர்ஸில் இருக்கும் பர்மனென்ட்காரர்களுக்கு சஸ்பெண்டு என்றாலும் பாதிச் சம்பளம் வந்துவிடும். ரிடையர் என்றால் மாலை போட்டுக் காரில் கொண்டுவந்து விடுவார்கள். கான்ட்ராக்ட் குடும்பங்களுக்கு வேறு வார்த்தைகள். "உட்கார வச்சிருக்காங்க" என்றால் கொஞ்ச நாளைக்கு வேலை இல்லை, ஆனால் இடம் இருக்கிறது. "நிறுத்திட்டாங்க" என்றால் இடமும் இல்லை. இந்தப் பேதமெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எதிர் வீட்டில் "நிறுத்திட்டாங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொன்ன மாதமே கேஸ் அடுப்பை விற்றுவிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டார்கள். என்னோடு பள்ளிக்கு வந்த அவர்கள் பெண் என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

அதனால் ஒரு நாள் அப்பா ஷிப்டு முடியுமுன்பே வந்து சுவரைப் பார்த்துப் படுத்தபோது நான் போய் எங்கள் கேஸ் அடுப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். சுரங்கத்தில் நிலக்கரியைச் சுமந்து ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பதை வாரிப்போடுவது அவர் வேலை. கான்ட்ராக்டர் மாறுகிறார், சூப்பர்வைசர் கேட் பாஸை வாங்கிக்கொண்டார் என்று அம்மாவிடம் சொன்னார். கான்ட்ராக்டர் மாறினாலும் பழைய ஆட்களைப் புதியவர் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். அந்த வழக்கத்தை நம்பித்தான் எங்கள் வீட்டில் அன்று சோறு இறங்கியது.

கெடுத்தது சித்தப்பா. உங்கள் அண்ணனுக்கு வேலை இல்லையாமே என்று சலூனில் யாரோ கேட்க, அவருக்குக் கௌரவம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அண்ணனே வேண்டாமென்று நின்றுவிட்டார் என்று சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் அது பெருமையான பேச்சு. வேறு நல்ல இடம் கிடைத்தவன் சொல்வது. சலூனில் சொன்னது சுரங்க கேட்டுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? மற்றவர்களுக்கெல்லாம் புதுப் பாஸ் கொடுத்த அன்று அப்பாவை மட்டும் கூப்பிடவில்லை. தானாக நின்றவனுக்குப் பழைய ஆள் என்ற பாத்தியதை கிடையாது என்றாராம் சூப்பர்வைசர். அப்பா எதிர்த்துப் பேசத் தெரியாதவர், திரும்பி வந்துவிட்டார்.

அம்மா சித்தப்பாவைத் திட்டவில்லை. "நிறுத்தினாங்கன்னா ஏன்னு கேக்கலாம். நின்னுட்டாருன்னா என்னத்தக் கேக்கறது?" என்று முனகிக்கொண்டே சேலை மாற்றினாள். அப்பா இருந்த நிலையில் என்னை அவரிடம் விட மனசில்லையோ என்னவோ, என்னையும் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

ஷிப்டு மாறும் நேரம். கேட்டில் ஹெல்மெட்டும் சைக்கிளுமாகக் கூட்டம். என் தோழிகளின் அப்பாக்களும் அதில் இருந்தார்கள். காவல்காரர் எங்களைப் பிடித்து எங்காவது அடைத்துவிடுவார் என்று பயந்து அம்மாவின் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் நேராக சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள்.

"எங்கூட்டுக்காரரு தானா நிக்கலீங்க. நீங்கதான் நிறுத்திட்டீங்க. எதுக்கு நிறுத்தினீங்கன்னு சொல்லுங்க."

எல்லாரும் ரகசியமாகச் சொல்லும் வார்த்தையை ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டாள். நாங்களும் பஸ் ஏறப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன். பழைய ஆட்கள் நாலு பேர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு நெருங்கி வந்தார்கள். சூப்பர்வைசர் அவர்களை ஒரு முறை பார்த்தார்.

"யாரும்மா நிறுத்தினது? உக்கார வச்சிருக்கோம், அவ்ளோதான். திங்கக்கெழம வந்து பாஸ் வாங்கிக்கச் சொல்லு."

அதையே இவர்கள் முன்னால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள் அம்மா. சொன்னார்.

வீடு வரை அம்மாவின் முந்தானையை நான் விடவில்லை. அப்பா எழுந்து உட்கார்ந்து, என்ன சொன்னார்கள் என்று கேட்டார். உட்கார வைத்திருக்கிறார்களாம் என்றாள் அம்மா. அப்பா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. பாஸைப் பிடுங்கியபோதுகூட அழாதவர் இதற்கு அழுகிறார் என்றால், எல்லாவற்றிலும் கெட்ட வார்த்தை இந்த "உட்கார வச்சிருக்காங்க"தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பெண் விசாரித்தபோது அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், வேறொன்றுமில்லை என்று சமாளித்துவிட்டேன்.