டாங்கி கழற்றிய வெள்ளிக்கிழமை

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, நாத்தனார் மவுத்தான பிறகு அவள் பிள்ளைகள் இரண்டு, ஆக ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். மதரஸாவில் ஓதியதும் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பும்தான் என் படிப்பு. பேத்தி எழுதித் தருகிறேன் என்றாள். இருந்தாலும் இதை நானே எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வாப்பா லாரி வைத்திருந்தார். வெள்ளைக்காரன் பட்டாளம் சண்டை முடிந்து ஏலத்தில் விட்டுப்போன பெட்ரோல் லாரி. பச்சைப் பெயின்ட்டுக்கு மேலே வாப்பாவே நீலம் அடித்திருந்தார்; உரிந்த இடத்தில் பச்சை தெரியும். தனுஷ்கோடி அப்போது ரயிலும் கப்பலுமாக இருந்த காலம். திருப்புல்லாணிக்குத் தெற்கே எங்கள் கரையிலிருந்து லாரி கருவாட்டுச் சிப்பங்களை ஏற்றிக்கொண்டு வாரத்தில் ஆறு நாள் இராமநாதபுரத்துக்கு ஓடும். வெள்ளிக்கிழமை நிற்கும். ஊரில் லாரி என்றால் அது ஒன்றுதான். அதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு முதுகு நிமிர்கிறது.

உப்புக்காற்றில் பெட்ரோல் டாங்கி அடியில் அரித்து ஒழுக ஆரம்பித்தது. வாப்பா ஓட்டையில் சோப்பை அழுத்திப் பூசி இரண்டு வாரம் ஓட்டினார். பிறகு சோப்பும் நிற்கவில்லை. பட்டறைக்கு மதுரைதான் போக வேண்டும். வீட்டிலேயே கழற்றி, ஈயத்தை உருக்கி ஓட்டையில் வைத்துவிடுகிறேன் என்றார். உம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. மண்டபம் பக்கத்தில் ஒருவர் டாங்கியைச் சரியாகக் கழுவாமல் சூட்டுக்கோலை வைத்து முகமெல்லாம் வெந்துபோனது ஊருக்கே தெரியும்.

"பெட்ரோல விட அதோட ஆவிதான் பொல்லாதது. கண்ணுக்குத் தெரியாது," என்றார் வாப்பா. "அதுக்குத்தான் பயப்படணும். வேலைக்குப் பயப்படக் கூடாது."

வியாழக்கிழமை மாலையே லாரியை வேலிக்குள் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார். டாங்கியைப் பிடித்திருந்த இரும்புப் பட்டைகளின் நட்டுகள் துருவேறிக் கிடந்தன. எண்ணெய் விட்டு ஊறப்போட்டார். விடிந்ததும் முதல் வேலையாக பாட்டரி வயரைக் கழற்றினார். ரப்பர் குழாய் போட்டுப் பெட்ரோலை டின்களில் இறக்கி, மூடி இறுக்கி, தூரத்தில் நிழலில் கொண்டுபோய் வைத்தார். சுத்தியலைக் கையில் எடுக்கவே இல்லை. இரும்பில் இரும்பு பட்டால் பொறி பறக்கும் என்று மரக்கட்டையால்தான் தட்டினார்.

உம்மா அடுப்பை அணைத்தாள். பக்கத்து மூன்று வீடுகளிலும் சொல்லி அணைக்க வைத்தாள். அன்று எல்லா வீட்டிலும் பழைய சோறும் வெங்காயமும்தான். ஒன்பது வயதான என்னை வாப்பா வேலி வாசலின் ஓலைப் படலண்டை நிறுத்தினார்.

"நெருப்புன்னு எது வந்தாலும் இந்தப் படலத் தாண்டக் கூடாது. யாரா இருந்தாலும் சரி."

"நீங்க கொண்டு வந்தா?"

"நானா இருந்தாலும்தான்."

என் பக்கத்தில் தண்ணீர்க் குடங்கள் வரிசையாக இருந்தன. டாங்கியை இறக்கியதும் சலவைச் சோடா போட்டுப் பலமுறை அலசி, பிறகு ஓட்டை மேலே வரும்படி திருப்பி, ஓட்டைக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் நிரப்பித்தான் ஈயம் வைக்க வேண்டும். உள்ளே ஆவி தங்க இடம் இருக்கக் கூடாது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் கடல் தண்ணீர் டாங்கிக்கு ஆகாது. மணலில் ஊற்றுத் தோண்டி, உம்மா சிரட்டையால் மொண்டு மொண்டு சேர்த்த நல்ல தண்ணீர் அது.

மீன்காரர் ஒருவர் பீடியோடு வந்தார். பீடியைப் போடச் சொன்னேன். "ஏன், ஒங்க வாப்பா தெருவயே வெலைக்கு வாங்கிட்டாரா?" என்று சிரித்தார். ஆனாலும் போட்டு மிதித்தார்.

இத்தனை நெருப்பை நினைத்த வீட்டில் ஒரு நெருப்பை மட்டும் யாரும் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால் பக்கீர் பாவா சாம்பிராணிச் சட்டியோடு வீடு வீடாக வருவார். அதை நெருப்பு என்று யார் நினைப்பார்கள்? அது பரக்கத், வீட்டுக்கு வருகிற அருள். எங்கள் வீட்டில் முதல் புகை லாரிக்குத்தான். முன்பக்கம் காட்டி, சக்கரங்களுக்குக் காட்டி, குனிந்து அடியிலும் ஒரு சுற்றுச் சுற்றுவார்.

அன்று அவர் வந்த நேரம் பட்டைகள் கழன்றுவிட்டிருந்தன. வாப்பா லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். டாங்கியின் ஒரு முனை அவர் நெஞ்சில், மறுமுனை உம்மாவின் கைகளில். அடியில் தங்கிய பெட்ரோல் மணலில் சொட்டிக்கொண்டிருந்தது. நெடி படல் வரை வந்தது.

பாவா படலில் கை வைத்தார். நான் குறுக்கே நின்றேன்.

"நெருப்பு உள்ள வரக் கூடாது பாவா."

"இது நெருப்பாம்மா? சாம்பிராணி."

"சட்டிக்குள்ள கங்கு இருக்கு."

அதற்குள் எதிர்வீட்டிலிருந்து மாமி, வாப்பாவின் அக்கா, வந்துவிட்டாள். "ஏ புள்ள, யார மறிக்கிறோம்னு தெரியுதா? தள்ளி நில்லு அங்கன," என்று என்னைத் தோளில் பிடித்து ஒதுக்கிப் படலைத் திறந்துவிட்டாள். "நீங்க வாங்க பாவா. அது ஒரு கிறுக்கு."

பாவா பிஸ்மி சொல்லி ஒரு காலை உள்ளே வைத்தார். கத்தினால் உம்மாவின் கை நழுவும் என்று நினைத்தேனா, ஒன்றுமே நினைக்கவில்லையா, தெரியாது. சின்னக் குடத்தைத் தூக்கிச் சட்டிக்குள் கவிழ்த்தேன். கங்கு சீறி அணைந்தது. சாம்பல் தண்ணீர் அவருடைய வெள்ளை ஜிப்பா முழுவதும் வழிந்தது.

மாமி கன்னத்தில் ஒன்று வைத்தாள். "பாவாட சட்டிய அவிச்சவள நாளைக்கு எவன்டி கட்டுவான்? ஊரு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்டி."

வாப்பா டாங்கியை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார். சட்டியைப் பார்த்தார், ஒதுங்கிக் கிடந்த படலைப் பார்த்தார். பாவாவின் கையைப் பிடித்து லாரியைக் காட்டினார். பாவா மூக்கை உறிஞ்சி நெடி பிடித்தார். பிறகு சட்டியில் மிச்சமிருந்த தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு ஈர ஜிப்பாவோடு போய்விட்டார்.

ஜும்ஆ முடிந்து வந்து வாப்பா டாங்கியை வேலிக்கு வெளியே வெட்டவெளியில் வைத்து, அலசி, நிரப்பி, ஈயம் வைத்தார். குறைந்த ஒரு குடத்தை நானே ஊற்றுக்குப் போய் மொண்டு வந்தேன். சனிக்கிழமை லாரி ஓடியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. திருப்புல்லாணி வரை என்னை முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாவா வந்தார். படல் திறந்தே கிடந்தது. அவர் வெளியே நின்றார். மாமியும் தெருவில் நாலு பேரும் பார்த்திருக்க, சத்தமாக என்னைக் கேட்டார்:

"வாசல்காரம்மா, இன்னிக்கு நெருப்பு உள்ள வரலாமா?"

நான் போய் லாரிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்து, "வரலாம் பாவா," என்றேன். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் அப்படியே கேட்டார், எனக்கு நிக்காஹ் ஆகிற வரைக்கும். "ஒரு வீட்ட கரிக்கட்டையாகாமக் காத்த புள்ள, அது உத்தரவு இல்லாம நொழயக் கூடாது," என்று போகிற வீடுகளிலெல்லாம் சொல்வாராம்.

நான் வாசலுக்கு அதிகாரி ஆகிவிட்டதாகத்தான் நினைத்தேன். பாவா சட்டியை அவித்தவள் என்று மாமி சொன்ன அந்தப் பேச்சை ஊரில் ஒரு வாய்கூடப் பேசாமல் போனது எப்படி என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. என் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுதான், ஒரு பெண்பிள்ளை மேல் ஒரு சொல் விழுந்தால் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று கண்டேன். அந்த மனிதர் அத்தனை வருடம் வெயிலில் நின்று என்னிடம் எதற்காக உத்தரவு கேட்டார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சொல்லலாம் என்றால் அவர் இல்லை.

இந்தா கண்ணு, பாட்டி எழுதி முடித்துவிட்டேன், முதலிலிருந்து சத்தமாகப் படி. பாவா வருகிற இடத்தில் அவசரப்படாதே.