கொக்குக் கூட்டைப் பற்றிய பக்கம்

இன்று மதியம் எங்கள் வாசிப்புக் குழு அடையாறில் ஒரு ஹோட்டலில் கூடியது. புத்தகம் நீர்ப்பறவைகளைப் பற்றியது.

புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவர் பிடித்த பகுதியைப் படித்த பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. இந்த முறை தேர்ந்தெடுத்த சுமதி மேடம் கொக்குக் கூட்டைப் பற்றிப் படித்தார். குரல் தழுதழுத்தது.

நடுவில் அவருடைய அபார்ட்மெண்ட் வாட்ச்மேனிடமிருந்து போன். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"மரம் வெட்ற ஆளுங்க வந்துகீறாங்க மேடம். மேல கூட்டுல கொக்குக் குஞ்சுங்க கீது. இன்னா சொல்லட்டும்?"

"மீட்டிங்ல முடிவு பண்ணியாச்சேப்பா. கார் பூரா எச்சம். வெட்டச் சொல்லு. காரை மட்டும் தள்ளி நிறுத்தச் சொல்லு."

போனை வைத்துவிட்டு, "எங்க விட்டேன்?" என்றார்.

நான்தான் விரலை வைத்து வரியைக் காட்டினேன். மறுபடியும் அவர் குரல் தழுதழுத்தது.

அடுத்த மாதம் மரங்களைப் பற்றிப் படிக்கிறோம். அழ வைக்கிற புத்தகமாகச் சொல்லுங்கள். நாங்கள் நன்றாக அழுவோம்.