அண்ணி ஊதிய அட்டைக்குழல்

என் மேசை இழுப்பறையில் ஓர் அட்டைக்குழல் இருக்கிறது. ஒரு விரல் நீளம்தான். வாங்கியபோது பால்வெள்ளையாக இருந்தது, இப்போது பழுப்பேறிவிட்டது. ஒரு முனையில் மேலும் கீழுமாகப் பல் பதிந்திருக்கிறது. நுரையீரல் எவ்வளவு காற்றைக் கொள்கிறது, அது எத்தனை வேகமாக வெளியே வருகிறது என்று அளக்கும் கருவியில் செருகி ஊதும் குழல் அது. ஒருவர் ஊதியதும் குப்பைக்குப் போய்விட வேண்டும். இதை மட்டும் என்னால் குப்பையில் போட முடியவில்லை, ஏனென்றால் ஊதிய ஆள் கொடுக்கவில்லை. "நான் கட்ச்சது, எங்கிட்டயே இருக்கட்டும்" என்று சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய்விட்டாள் என் அண்ணி.

அண்ணி என்றால் என் ஒரே அண்ணனின் மனைவி. திருவொற்றியூருக்கு வடக்கே, கல் கொட்டிய கரையை ஒட்டிய குப்பத்தில் எங்கள் வீடு. அண்ணன் பைபர் படகில் கடலுக்குப் போவார். அண்ணி கரையில் ஏலம் கூவுவாள். படகு கரை தொட்டதும் மீனைத் தார்ப்பாயில் கொட்டி, சுற்றி நிற்கும் வியாபாரிகளுக்கு நடுவே நின்று விலையை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். மூச்சு வாங்க நிறுத்தினால் அந்த இடைவெளியில் ஒருவன் பேரம் பேச நுழைந்துவிடுவான் என்பாள். அதனால் நிறுத்தமாட்டாள். எங்கள் கரையில் ஏலம் கூவ ஆண்களும் இருந்தார்கள். ஆனாலும் படகுக்காரர்கள் அவளுக்காகக் காத்திருப்பார்கள். கல்லூரியில் ஒரு கருத்தரங்கில் பேச வேண்டியிருந்தால் நான் ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடப்பேன். அவள் அதைப் பார்த்துச் சிரிப்பாள். இங்கே அவளைப் பற்றி நான் மரியாதை போட்டு எழுதாததும் அந்த உரிமையில்தான். போட்டிருந்தால், 'யார்மே அது?' என்று என்னையே கேட்டிருப்பாள்.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட ஆய்வு, இந்தத் தொழிற்சாலை வட்டாரத்தில் வாழும் பெண்களின் மூச்சைப் பற்றியது. ஒரே ஆட்களை ஒரு வருட இடைவெளியில் இரண்டு முறை ஊதச் சொல்லி, இடையில் மூச்சு என்ன ஆனது என்று பார்ப்பது திட்டம். வெளி ஆட்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தால் எங்கள் குப்பத்தில் கதவு திறக்காது. ரத்தம் எடுத்துப் போனவர்கள், குழாய்த் தண்ணீர் பிடித்துப் போனவர்கள், தலைமுடியைக் கத்தரித்துப் போனவர்கள் என்று பலரைப் பார்த்தாகிவிட்டது. ஒருவரும் திரும்பி வந்து என்ன கண்டோம் என்று சொன்னதில்லை. நான் அந்த ஊர்ப் பெண் என்பதால்தான் கதவு திறந்தது. அதுவும் அண்ணி வீடு வீடாகப் போய்ச் சொன்னதால்தான் திறந்தது.

முதல் சுற்றைக் கோயிலுக்குப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் வைத்தேன். மூக்கில் கிளிப்பை மாட்டி, குழலை வாயில் கவ்வி, நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து, ஒரே தம்மில் உள்ளே ஒன்றுமில்லாமல் போகும்வரை ஊத வேண்டும். பக்கத்தில் நின்றுகொண்டு, "ஊது, ஊது, விடாதே, இன்னும், இன்னும்" என்று நான் கத்த வேண்டும், அதுதான் முறை. பிரசவ வார்டு மாதிரி இருக்கிறதே என்று யாரோ சொல்லிவைக்க, கூடமே சிரித்ததில் வெகுநேரம் ஒருத்தியாலும் ஒழுங்காக ஊத முடியவில்லை. ஆண்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குடித்திருக்கிறார்களா என்று பார்க்கப் போக்குவரத்துப் போலீஸ் வாயில் வைக்கிற கருவிதான் இந்த வேடத்தில் வந்திருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை வேறு. என் அண்ணன் கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். இது பெண்களுக்கு மட்டும்தான் என்று நானே போய்ச் சொன்ன பிறகும் நம்பவில்லை. நாற்காலியில் முதல் ஆளாக உட்கார்ந்தவள் அண்ணிதான். எப்படிக் கவ்வுவது என்று தெரியாமல் குழலை அழுத்திக் கடித்துவிட்டாள். அந்தத் தடம்தான் இது.

ஒரு வருடம் ஓடியது. எண்களைக் கணினியில் ஏற்றி, அட்டவணை போட்டு, ஒரு கருத்தரங்கில் வாசித்துக் கைதட்டலும் வாங்கிவிட்டேன். இரண்டாம் சுற்றுக்குக் கருவியோடு போய் அதே கூடத்தில் உட்கார்ந்தேன். பெண்கள் எல்லாரும் வந்தார்கள். ஒருத்தியும் நாற்காலியில் உட்காரவில்லை. அண்ணி முன்னால் வந்து, முடிச்சை அவிழ்த்து, பழைய குழலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"போன வருசம் ஊதினேனே, அது இன்னா ஆச்சி? இன்னா நம்பரு எய்திகினு போனே? அத்த சொல்லு. அப்பால ஊதறோம்."

சொல்லக் கூடாது, ரகசியம், விதி அப்படி என்றேன். எண்களுக்குப் பக்கத்தில் பெயர் இருக்காது, குறியீடுதான் இருக்கும், ஒருவருக்கும் எதுவும் தெரியவராது என்று அவர்களுக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டவளைப் போல விளக்கினேன். அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

"ஊர்ல எவனுக்கும் தெரிய வாணாம், சரி. என் மூச்சு எனக்கே ரகசியமாமே?"

எனக்குக் கோபம்தான் வந்தது. சொந்த வீட்டு ஆளே காலை வாருகிறாளே என்ற ஆத்திரத்தில் கருவியைப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டு கல்லூரிக்கு ரயிலேறிவிட்டேன். இரண்டாம் சுற்று இல்லையென்றால் முதல் சுற்று செல்லாக்காசு. உதவித்தொகைக் காலமும் முடியப்போகிறது. எங்கள் குப்பத்திலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போனவள் நான் ஒருத்திதான். வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பும்போது என்னைத்தான் காட்டிப் பேசுவார்கள். அந்த பயம் எனக்கு இருந்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் கெட்டவர் இல்லை. நடந்ததை முழுக்கக் கேட்டுக்கொண்டார். "நம்பரைச் சொல்லிடறே, சரி. குறைவா இருக்கறவங்களுக்கு என்ன மருந்து குடுப்பே? பயத்தை மட்டும் குடுத்துட்டு வரப்போறியா?" என்றார். நியாயமான கேள்வி. புளியந்தோப்புப் பக்கம் வேறு தெருவைப் பிடித்து, ஒரே ஒரு முறை ஊதவைத்து, ஆய்வைச் சின்னதாக முடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பட்டம் கிடைத்துவிடும் என்றார். வீட்டுக்கு வந்து அவர் கேள்வியை அப்படியே அண்ணியிடம் ஒப்பித்தேன். அதைக் கேட்டாவது வாயடைத்துப் போவாள் என்று நினைத்தேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"பயம் எங்களுக்கு இன்னா புச்சா? அது எங்க கைல கீறதுதான். அத்த நாங்க பாத்துக்குறோம், நீ நம்பர குடு."

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கரையில் மீனை மூடி வைத்துக்கொண்டு யாரும் விலை கேட்க முடியாது. கொட்டிக் காட்டித்தான் ஆக வேண்டும். நல்லது கெட்டது எல்லாம் நாலு பேர் பார்வையில் கிடக்க வேண்டும். அந்தக் கரையில் பிறந்த நான் கூடையை மூடி எடுத்துக்கொண்டு போய் வேறு ஊரில் விற்றிருக்கிறேன். மறுநாள் பேராசிரியர் அறைக்குப் போனேன். ஆய்வைச் சின்னதாக முடிக்கமாட்டேன், அவரவர் எண்ணை அவரவரிடம் சொல்ல அனுமதி வாங்கிக் கொடுங்கள், இல்லையென்றால் இந்தப் பட்டமே எனக்கு வேண்டாம் என்றேன். அவர் முன்னால் என் குரல் நடுங்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அனுமதி கிடைத்தது. ஆனால் ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாக, அடுத்தவர் காதில் விழாமல் சொல்ல வேண்டும். குறைவாக உள்ளவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஒரு டாக்டர் கூடவே இருக்க வேண்டும். அந்த டாக்டரைப் பேராசிரியரே தேடிப் பிடித்துக் கொடுத்தார்.

சொல்லப் போன அன்று எனக்கு மட்டும் ஒரு விஷயம் தெரிந்திருந்தது. அந்தக் குப்பத்திலேயே மோசமான எண் அண்ணியுடையது. கூடத்தில் படகுக்காரர்களின் மனைவிமார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏலம் கூவுகிறவளுக்கு மூச்சு இல்லை என்று தெரிந்தால் நாளைக்குத் தார்ப்பாயின் நடுவே வேறு ஆள் நிற்பான். முதல் ஆளாக அவள்தான் வந்து நின்றாள். நான் குனிந்து அவள் காதருகே போனேன். மீன் வாசனை அடிக்கும் கையால் என் முகத்தைத் தள்ளிவிட்டாள்.

"காதுல சொன்னா அது கோளு. எல்லாருக்கும் கேக்குறா மாதிரி சொல்லு."

பிழைப்புக்கு ஆபத்து என்று கண்ணால் ஜாடை காட்டினேன். அவளுக்குப் புரிந்தது. "சொல்லுமே" என்றாள். அவள் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய மூச்சில் பாதிதான் இருக்கிறது என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி மெதுவாகத் திரும்பி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"பாதி மூச்சிலதான் இம்மாம் நாளு கூவிகினு கீறேனா" என்றாள்.

அடுத்தவள் எழுந்து, எனக்கும் சத்தமாகச் சொல் என்றாள். அதற்கடுத்தவளும் அப்படியே. காதோடு சொல்லும்படி ஓரிருவர் கேட்டார்கள். மற்றவர்கள் கிண்டல் செய்ய ஆரம்பித்ததும், அது அவர்கள் இஷ்டம் என்று அண்ணி அதட்டி அடக்கினாள். டாக்டர் ஓய்வில்லாமல் சீட்டு எழுதினார். கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு, லாரி ரோட்டை ஒட்டிய வீடுகளில் இருந்து வருகிறவர்களுக்கெல்லாம் எண் இறங்கியே இருப்பது தெரிந்துபோயிற்று. கன்டெய்னர் லாரிகள் பகலெல்லாம் எஞ்சினை அணைக்காமல் வரிசை கட்டி நிற்கும் ரோடு அது. அந்த வாரமே அங்கே போய் மறித்து உட்கார்ந்தார்கள். லாரிகள் கொஞ்ச நாள் தள்ளி நின்றன, பிறகு பழையபடி வந்தன. இவர்களும் பழையபடி போய் உட்கார்ந்தார்கள்.

ஆனால் என் நினைவில் முதலில் வருவது எண்கள் சொன்னதற்கு மறுநாள் காலைதான். படகுகள் வந்து மீன் கொட்டியாயிற்று. வயதான படகுக்காரர் ஒருவர், அக்கறையாகத்தான், அண்ணியைக் கொஞ்ச நாள் உட்கார்ந்திருக்கச் சொன்னார், வேறு ஆள் கூவட்டும் என்றார். அவள் காதில் வாங்காமல் போய் நடுவே நின்றாள். விலையை ஏற்றத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி, இடுப்பில் கை வைத்து, எல்லார் எதிரிலும் மூச்சு வாங்கினாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. அதுவரை நடு ஏலத்தில் அவள் யாரையாவது திட்டுவதும், இருமுவதும், நழுவிய கொண்டையை அள்ளி முடிவதும் எதற்காக என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எவனாவது பேரத்துக்கு நுழைவான் என்று பதைத்துக்கொண்டு நின்றேன். ஒருவனும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு மூச்சு திரும்பும்வரை அத்தனை பேரும் சும்மா நின்றார்கள். பிறகு விட்ட விலையிலிருந்தே கூவினாள்.

இரண்டாம் சுற்றில் எல்லாரும் ஊதினார்கள். அண்ணியின் எண் இன்னும் சற்று இறங்கியிருந்தது; அதையும் சத்தமாகவே சொன்னேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். முதல் எண் தெரிந்துவிட்டால் இரண்டாம் முறை அதை மிஞ்ச வேண்டும் என்று முயன்று ஊதியிருப்பார்களே, ஆய்வு கெட்டுவிடாதா என்றார். முயன்றுதான் ஊதினார்கள், அதை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதியிருக்கிறேன் என்றேன். முயன்றும் இறங்கியிருக்கிறது, அதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னேன். பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

அண்ணி அதற்குப் பிறகும் பல வருடம் ஏலம் கூவினாள், இடையிடையே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். சான்றிதழில் இதயம் என்று எழுதியிருக்கிறது. ஒருத்தியின் சாவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று என் மாணவர்களுக்கு நானே பாடம் நடத்துகிறேன். அது சரியான பாடம். ஆனால் பீடி தொடாத, அடுப்புப் புகையிலும் அதிகம் கிடக்காத ஒருத்தி பாதி மூச்சோடு ஏன் வாழ வேண்டியிருந்தது என்று கேட்க எனக்கு எந்த நிரூபணமும் தேவையில்லை. எனக்குக் கோபமாக இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் அதை அடக்கித்தான் எழுதுகிறேன். இங்கே அடக்கப் போவதில்லை. காரியம் முடிந்த பிறகு அண்ணன் இந்தக் குழலைக் கொண்டுவந்து கொடுத்தார். அவளுடைய அலமாரியில், நகைப் பெட்டிக்குள் இருந்ததாம்.

இப்போது நான் ஓர் ஆய்வு நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவில் இருக்கிறேன். மனிதர்களிடம் செய்யும் எந்த ஆய்வுக்கும் நாங்கள் ஒப்புதல் தர வேண்டும். போன வாரம் எண்ணூர்ப் பக்கத்துக் குழந்தைகளின் மூச்சை அளக்கும் திட்டம் ஒன்று வந்தது. நல்ல திட்டம்தான். முடிவுகளை அந்த மக்களிடம் எப்போது சொல்வீர்கள் என்ற கேள்விக்கு எதிரே 'வாய்ப்பிருந்தால்' என்று எழுதியிருந்தார்கள். நான் கையெழுத்துப் போட மறுத்தேன். ஒவ்வொரு கூட்டத்திலும் இதே தகராறா என்று தலைவர் சலித்துக்கொண்டார். சொன்னாலும் அந்த மக்களுக்கு என்ன புரியும் என்றார் இன்னொருவர்.

எழுந்து என் அறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்து குழலை எடுத்துவந்து மேசை நடுவில் வைத்தேன். யார் ஊதியது என்று கேட்டார்கள். அண்ணியின் பெயரைச் சொன்னேன். குப்பத்தின் பெயரைச் சொன்னேன். முதல் சுற்றில் அவள் மூச்சு எவ்வளவு, இரண்டாம் சுற்றில் எவ்வளவு என்று சொன்னேன், கடைசி நாற்காலிவரை கேட்கும்படி சொன்னேன். குறிப்பெழுதிக்கொண்டிருந்த செயலர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, இதெல்லாம் ரகசியமாக இருக்க வேண்டியதல்லவா மேடம் என்று தயங்கினார்.

எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.