வட்டில் ஒட்டிய பெயர்ச்சீட்டு

2024ஆம் ஆண்டு நவம்பர் பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பாரிவாக்கத்தில் விடிந்தது முதல் தூறல் விடவில்லை. சுலோசனா தன் பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த வட்டை முந்தானையில் பொதிந்துகொண்டு, பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் ஸ்வாதியின் கதவைத் தட்டினாள். கணவன் ஜம்புலிங்கம் குடையை உதறியபடி பின்னால் நின்றான்.

திருமழிசைத் தொழிற்பேட்டையில், மருந்துப் பெட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் பிரிவிலேயே சுலோசனாவுக்குத் தலை நரைத்திருந்தது. அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. உப்பு டப்பா முதல் தண்ணீர்க் குடம் வரை பெயர் ஒட்டாத பொருள் கிடையாது.

"என் முதுகு ஒண்ணுதான் பாக்கி" என்பான் ஜம்புலிங்கம்.

"உன்னிய யாரு தூக்கிகினு போகப் போறாங்க?" என்பாள் அவள்.

இருமலுக்காக எடுத்த புதிய ஸ்கேனில், அவளது நுரையீரலில் சிறு முடிச்சு ஒன்று தெரிந்திருந்தது. அது புதிதாக வந்தது என்றால் ஊசி செலுத்திச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். பழைய ஸ்கேன் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். ஆறாண்டுகளுக்கு முன், படியில் விழுந்து விலாவில் அடிபட்டபோது எடுத்த ஸ்கேன் இந்த வட்டில் இருந்தது. எடுத்துக் கொடுத்த நிலையத்தையோ மூடிவிட்டார்கள். மருத்துவமனைக் கணினிகளில் வட்டு போட வழியில்லை. ஸ்வாதியிடம் மட்டும், கோவையில் படித்த காலத்து மடிக்கணினி ஒன்று டிவிடி டிரைவுடன் இருந்தது.

வட்டு உள்ளே போனதுதான் தாமதம், மேசையே அதிர்ந்தது.

"இன்னாம்மே இது, போர் செட்டு மோட்டாரு ஓட்ற மாரி கீது!" என்றான் ஜம்புலிங்கம்.

"நீ கம்முனு இரு." சுலோசனா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

வட்டைப் படிக்க இயலவில்லை என்று திரை சொன்னது. ஸ்வாதி அதை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இந்த லேபிளை ஒட்டுனது யாருங்க?"

"நாந்தாம்மா. ஆஸ்பத்திரில மாறிடப் போவுதுன்னு."

"ஒரு பக்கம் கனமாயிருச்சுங்க. சுத்தறப்போ ஆடுது, அதான் இத்தனை சத்தம்."

அடுத்த கணமே சுலோசனாவின் நகம் சீட்டின் ஓரத்தில் ஏறியது.

"இருங்க, இருங்க! சிடியா இருந்தா வெள்ளிப் பூச்சு லேபிளுக்கு அடியிலயே இருக்கும். பிச்சா படமும் சேர்ந்து வந்துருங்க. டிவிடின்னா பூச்சு ரெண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவுல இருக்கும், பயமில்லை."

கைப்பேசி வெளிச்சத்தில் வட்டின் நடு வளையத்திலிருந்த பொடி எழுத்துகளை ஸ்வாதி உற்றுப் பார்த்தாள்.

"டிவிடிதானுங்க அக்கா!"

தேங்காயெண்ணெய் தடவி, காத்திருந்து, சீட்டைச் சுலோசனாவே பதமாக உரித்தாள். பிசுக்கைத் துடைத்துவிட்டுப் போட்டபோது மெல்லிய இரைச்சலே கேட்டது. கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் விரிந்தன. ஸ்வாதி அவற்றைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் மருத்துவர் இரண்டு ஸ்கேன்களையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். "அதே இடம், அதே அளவும்மா. இத்தனை வருஷத்துல கொஞ்சம்கூட வளரலை. ஊசியெல்லாம் வேண்டாம்" என்றார்.

வெளியே, ஜம்புலிங்கம் நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எட்டி நடந்து வந்தான்.

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"பழசுதானாம். ஒண்ணியும் இல்லியாம்."