டெய்லர் ஜெபக்குமாரும் துணியில்லாத பெரியவரும்

"மூச்ச உடுங்க சார்" என்கிறார் ஜெபக்குமார். எதிரே நிற்கும் தாலுகா ஆபீஸ்காரர் வயிற்றை இன்னும் கொஞ்சம் எக்குகிறார். அளவு நாடா அவர் இடுப்பைச் சுற்றியபடி காத்திருக்கிறது. "உடுங்க. மூச்ச புடிச்சிகினு அளவு குடுத்தா, சட்டை உங்க ஆசைக்குப் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது." கடைசியில் தொப்பை தோற்று வெளியே வருகிறது. ஜெபக்குமார் சிரிக்காமல் எண்ணைத் தன் முன்கையில் பேனாவால் எழுதிக்கொள்கிறார்.

அளவுகளை எழுதுவது எப்போதும் கையில்தான். சாயங்காலம் குளிப்பதற்குள் துணியை வெட்டிவிட வேண்டும். மறந்து குளித்துவிட்டால் ஆளைத் திரும்ப வரச்சொல்லி, மறுபடியும் மூச்சு விடச் சொல்ல வேண்டும்.

திருத்தணி ம.பொ.சி. சாலையிலிருந்து பிரியும் சந்தில் அவர் கடை. ஆடிக் கிருத்திகை நெருங்கினால் காவடிக்காரர்களின் மஞ்சள் துணி கூரைவரை குவியும். டிசம்பரில் எல்லாம் வெள்ளை: பாடகர் குழுவுக்கு உடுப்பு, ஆயருக்கு அங்கி. ஞாயிறு ஆராதனைக்குக்கூட நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வந்துவிடுவார். முதல் பாட்டு முடிவதற்குள் மனைவி மனோன்மணி அதை உருவிக் கைப்பையில் போட்டுக்கொள்வாள்.

மனிதன் என்றால் அவருக்கு உடுப்போடு சேர்ந்தவன். பொத்தான் அறுந்த சட்டையோடு எவராவது சந்தில் போனால் முடிந்தது, நிறுத்தி வைத்துத் தைத்துத்தான் அனுப்புவார். மே மாதத்து வெயிலிலும் சட்டை போடாமல் வாசலுக்கு வரமாட்டார். வீட்டில் அவரைப் பனியனோடு பார்த்த பால்காரரிடம் மன்னிப்புக் கேட்டவர் இவர்.

இப்படிப்பட்டவரின் ஒரே மகள் ப்ளெஸ்ஸி ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்கிறாள். இரண்டாம் வருஷம். பி.எட். படிக்கட்டும், வாத்தியார் வேலை கிடைக்கும் என்று சொந்தம் முழுக்கச் சொன்னபோது, சர்ச் வளாகத்திலேயே நின்று மல்லுக்கட்டி அவளை அனுப்பியவர் இவர்தான். மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் வைத்தீஸ்வரன் வேட்டிக்கு ஓரம் அடிக்க வந்த இடத்தில், "படம் வரைய அவ்ளோ தூரம் போணுமா?" என்று கேட்டுவிட்டார். "உங்க பையன் கம்ப்யூட்டர்ல பொத்தான் அமுக்க அமெரிக்கா போலிங்களா? என் பொண்ணு பென்சில் புடிக்க போயிகிறா" என்று பதில் வந்தது. வைத்தீஸ்வரன் சிரித்துவிட்டார். அதிலிருந்து வரும்போதெல்லாம் பென்சில் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்.

போன அக்டோபரில் ஒரு மத்தியானம் ப்ளெஸ்ஸி வீடியோவில் வந்தாள். "நைனா, இத்த பாரு. சாரு க்ளாஸ்ல எல்லாருக்கும் எடுத்துக் காட்னாரு" என்று ஒரு பெரிய தாளைத் தூக்கிப் பிடித்தாள். கரியால் வரைந்த படம். ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒட்டுத்துணி இல்லை.

ஜெபக்குமார் போனைக் கவிழ்த்தார். அதுவும் போதாமல் ஒரு பாவாடைத் துணியை அதன்மேல் போட்டு மூடினார். உள்ளேயிருந்து, "நைனா? கேக்குதா?" என்றாள் மகள்.

"அந்த ஆளு உன் எதுர்லயா அப்டி குந்திகினு இருந்தாரு?"

"ஆங். எல்லாரும்தான் வரைஞ்சோம். ஒடம்பு வரைய அப்டித்தான் நைனா கத்துக்கணும்."

"கிறிஸ்மசுக்கு வர்றல்ல? வந்தா வந்ததுதான். திரும்பிப் போவ வாணாம்."

அன்றிரவு மனோன்மணி தட்டை வைத்துக்கொண்டே பிடித்துக்கொண்டாள். அவள் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். "நான் தெனம் பாக்கறது இன்னா, சட்ட போட்ட ஒடம்பா?"

"அது வைத்தியம்."

"இது படிப்பு."

ஜெபக்குமார் இறங்கி வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒருவர் காதுக்குப் போனால் சர்ச் முழுக்கப் போகும். அதைவிடப் பெரிய வேதனை ஒன்றும் இருந்தது. மகளின் படிப்பு பாதியில் நின்றால், அனுப்பிய கையே அதை நிறுத்தியதாகும். அது தெரிந்ததால்தான் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், அந்த வாரம் தைத்த சட்டை ஒன்றில் இரண்டு கையும் இடதுகையாகவே வந்தது.

ப்ளெஸ்ஸி சண்டை போடவில்லை. படத்தை மட்டும் அவர் போனுக்கு அனுப்பிவைத்தாள். வாடிக்கையாளர் இல்லாத நேரமாகப் பார்த்து, வெட்டு மேசைக்குக் கீழே குனிந்து அதைத் திறந்தார். உடனே மூடினார். மறுபடி திறந்தார். இந்த முறை விலா எலும்பு கண்ணில் பட்டது. குறுகிய தோள் பட்டது. பெரியவர் இரண்டு கையையும் மடிக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் பட்டது. ஜெபக்குமாரே மகளைக் கூப்பிட்டார்.

"யாரு அந்தப் பெரியவரு?"

"மிஸ்டர் ஆலன். போஸ்ட்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. எங்களுக்கு ஜோக்கு சொல்லிகினே இருப்பாரு நைனா."

"குளுரலியா அவுருக்கு?"

"ஹீட்டர் கீது, பத்தாது. நடுவுல டீக்கு உடுவாங்க. அப்ப ஒரு பழைய துண்ட சுத்திகினு நிப்பாரு."

"துண்டா?" குரல் எகிறியதில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அவ்ளோ பெரிய காலேஜி! வயசானவர குளுர்ல குந்த வெச்சிட்டு, போத்திக்க ஒரு நல்ல துணி குடுக்க மாட்டீங்களா? நீங்கல்லாம் மனுஷங்களா?"

மறுநாள் கடையைப் பூட்டிக்கொண்டு அரக்கோணம் போனார். கனமான பிளானல் துணி, கருநீலம், கணுக்கால் வரை இறங்கும் ஓர் அங்கிக்குப் போதுமான அளவுக்கு வாங்கிவந்தார். மேசையில் விரித்துவிட்டு, தையல் மெஷின்மேல் போனைச் சாய்த்து வைத்து மகளைக் கூப்பிட்டார்.

"யாருக்கு நைனா இது?"

"அந்தப் போஸ்ட்மேனுக்குத்தான். ஜனவரில போம்போது எடுத்துகினு போயி குடு."

அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"அழுவாத. கை நீளந்தான் தெரியல, மடில சொருவி வெச்சிகினுகிறாரு. நேரா நிக்கச் சொல்லி இன்னொரு படம் வரைஞ்சி அனுப்பு" என்று சொல்லிவிட்டு, ஜெபக்குமார் சுண்ணக்கட்டியை எடுத்துக் கருநீலத் துணியில் முதுகுக்கான முதல் கோட்டை இழுத்தார்.